கஞ்சி போட்ட பாலைவனம்

அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரில் நஞ்சப்பனைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். கோயில் பார்க்கிங்கில் நாம் காரை விட்டு இறங்குவதற்குள் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக எதிரில் வந்து நின்று, "ஏனுங், போன வாரம் ஆளையே காணம்?" என்று கேட்பார். நாம் ஏன் வரவில்லை என்பது அவருக்கு முக்கியமில்லை. அவர் வந்திருந்தார் என்பது நமக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முழங்கால் அளவு பனி கிடக்கும்போதும் மனிதர் கனத்த கோட்டுக்கு அடியில் கஞ்சி போட்ட வேட்டியோடுதான் வருவார். வீட்டு பேஸ்மெண்டில் அதற்கென்றே ஒரு பெரிய தொட்டி. ஊரிலிருந்து யார் விமானம் ஏறினாலும் ஈரோட்டில் விற்கும் வெண்மைப் பொடியைக் கொண்டுவந்தாக வேண்டும். சனிக்கிழமை காலையில் பொடியில் ஊறவைத்து, சொட்டு நீலம் விட்டு அலசி, கஞ்சியில் முக்கி, காயவைத்து, அயர்ன் பாக்ஸை அழுத்தித் தேய்ப்பார். மனைவி புஷ்பவல்லியைத் தொடவிடமாட்டார். பெருந்துறைப் பக்கம் அவருடைய அப்பா அரிசி மில் வைத்திருந்தவர்; தவிட்டுத் தூசிக்கு நடுவில் பொட்டு அழுக்கில்லாமல் நிற்பவன்தான் முதலாளி என்று மகனுக்குச் சொல்லிவிட்டுப் போனார். பரம்பரைச் சொத்தில் உருப்படியாகக் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

நஞ்சப்பன் கணினி வேலைக்கு இந்தத் தேசம் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரே அறையில் நாலைந்து பேரோடு பாய் விரித்துப் படுத்து, ரயிலேறி மன்ஹாட்டன் போய், வங்கி வங்கியாகக் காண்ட்ராக்ட் பார்த்து, க்ரீன் கார்டு வாங்கி, வீடு வாங்கியவர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் பட்ட பாடுதான். ஆனால் அத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் இரண்டே இரண்டு. ஆபீசில் ஆள் குறைக்கும் நேரத்தில் யார் கண்ணிலும் படக்கூடாது. கோயிலில் எல்லார் கண்ணிலும் பட்டாக வேண்டும். இவற்றை வைத்தே பிழைப்பை ஓட்டிவிட்டார்.

ஒரே பெண், ரக்ஷா. இங்கேயே பிறந்தவள். அவள் வாங்கிய கோப்பைகளும் பதக்கங்களும் ஹாலில் செருப்புக் கழற்றும் இடத்துக்கு நேர் எதிரே அடுக்கியிருக்கும், குனிந்து நிமிர்ந்தால் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. பெண் டாக்டர் ஆவாள் என்று அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே ஊருக்கு அறிவித்துவிட்டார். தமிழ்ச் சங்கத் தலைவர், இருதய நிபுணர் பாலசுப்ரமணியத்தின் மகன் அனிருத் டாக்டருக்குப் படிக்கிறான் என்றால் நஞ்சப்பன் மகள் படிக்காமல் இருக்கலாமா?

ரக்ஷா கல்லூரியில் இரண்டாம் வருஷம் பயாலஜியை மூட்டை கட்டி வைத்துவிட்டு அமெரிக்க ராணுவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அதுவும் என்ன வேலைக்கு? ராணுவ லாரி ஓட்டும் வேலைக்கு.

"லாரி ஓட்டறதுக்கா அமெரிக்காவுல பொண்ணப் பெத்தேன்?" என்று நஞ்சப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அதுக்கு நாமக்கல்லுலயே இருந்திருப்பனே!"

"எனக்குப் பிடிச்சிருக்கு டாட்" என்றாள் ரக்ஷா. வேறு விளக்கம் அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவருக்கு இருந்த கவலை வேறு. பெண்ணுக்கு அடிபடுமோ, ஆபத்து வருமோ என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். பாலசுப்ரமணியத்துக்கு என்ன பதில் சொல்வது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நஞ்சப்பன் ஒரு முழு லாரியையே மறைத்தார். "பொண்ணு டெக்சாஸுல இருக்குதுங். ஃபெடரல் கவர்ன்மெண்டு. லாஜிஸ்டிக்ஸ்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று அடுத்தவர் வீட்டுச் செய்திக்குத் தாவிவிடுவார். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

முதல் லீவுக்கு ரக்ஷா யூனிஃபார்மோடு விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். மணல் நிறத்தில் பழுப்பும் காய்ந்த பச்சையுமாகத் திட்டுத் திட்டாகக் கறை படிந்த அந்தச் சட்டையைப் பார்த்ததும் நஞ்சப்பனுக்கு ஈரம் இறங்கிய சுவர்தான் ஞாபகம் வந்தது. வழியில் தெரியாதவர் ஒருவர் அவளை நிறுத்தி நன்றி சொல்லிக் கைகுலுக்கினார். நஞ்சப்பன் இரண்டடி தள்ளி, யாரோ போல நின்றார். ஃப்ரீவேயில் ஓய்விடம் ஒன்றில் காரை நிறுத்தி, "பாத்ரூம் போயி சுடிதார மாத்திக்க அம்மிணி. நம்ம தெருவுல டாக்டர் வாக்கிங் போற நேரம்" என்றார்.

ரக்ஷா பையை எடுத்துக்கொண்டு காரை விட்டு இறங்கினாள். மாற்றிக்கொண்டு வந்தாள். யூனிஃபார்ம் ஒரு மளிகைக்கடைப் பையில் சுருண்டு, டிக்கியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வீடு வந்து சேர்ந்தது. முன்சீட்டில் இருந்த புஷ்பவல்லி வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. டேகேரில் பிள்ளை பார்க்கும் வேலை அவளுக்கு, அதிகம் பேசாதவள். ஆனால் வாரம் தவறாமல் மகளுக்கு போன் போட்டுப் பேசியது அவள் மட்டும்தான்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு அந்தப் பொங்கல் விழா வந்தது.

பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் விழா. டவுன் மேயரைக் கூப்பிட்டிருந்தார்கள். பொங்கலைத் தப்பும் தவறுமாக உச்சரித்துக் கைதட்டல் வாங்கிய அந்த வெள்ளைக்கார மனிதர், தன் மகன் ராணுவத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு, "ராணுவத்தில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்" என்றார். முந்நூறு பேர் கூடியிருந்த அரங்கில் ஒருவரும் எழவில்லை. டாக்டர்கள் இருந்தார்கள், சாஃப்ட்வேர்க்காரர்கள் இருந்தார்கள், மனை வாங்கி விற்பவர்கள் இருந்தார்கள். மேயர் சிரித்து மழுப்பினார். பாலசுப்ரமணியத்துக்கு முகம் சுண்டிப்போனது. "மானம் போகுது. நம்மள்ல ஒருத்தர் கூட இல்லையா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

பக்கத்தில் இருந்தவர் நஞ்சப்பன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளத் தெரிந்தவர். வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார்.

அரங்கமே எழுந்து கைதட்டியது. மேயர் மேடையை விட்டு இறங்கி வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டார். புகைப்படம் டவுன் பத்திரிகையில் வந்தது. அனிருத் எத்தனை இருதயத்தைத் திறந்து மூடினாலும் அவன் அப்பனுக்கு இப்படி ஒரு கைகுலுக்கல் கிடைத்திருக்குமா? "இத்தன நாளா ஏன் சொல்லல?" என்று கேட்டவர்களுக்கு நஞ்சப்பன் குரலைத் தாழ்த்தி, "செக்யூரிட்டிங். வெளிய சொல்லக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு" என்றார். சொல்லும்போது கண்கூடச் சிமிட்டவில்லை. அடுத்த வாரம் காருக்குப் பின்னால் ராணுவ வீராங்கனையின் தந்தை என்று பெருமை பேசும் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. வேட்டிக்கு மேலே ராணுவத் தொப்பி ஏறியது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் யார் சொல்வது?

மார்ச் கடைசியில் ரக்ஷா போன் செய்தாள். அவளுடைய படைப்பிரிவு ஒரு பாலைவன நாட்டுக்குப் புறப்படுகிறது; எந்த நாடு என்று சொல்லமுடியாது, பல மாதம் ஆகும்.

"டாட், கிளம்பற அன்னைக்கு டெக்சாஸ் பேஸ்ல ஒரு செண்டாஃப் இருக்கு. எல்லாரோட ஃபேமிலியும் வருவாங்க. நீங்களும் அம்மாவும் வரணும். ப்ளீஸ்."

அவள் எதற்கும் ப்ளீஸ் போட்டுக் கேட்கிற பெண்ணில்லை. நஞ்சப்பன் காதில் அது விழவில்லை. "அதுக்கு முந்தி நீ இங்க வா அம்மிணி. சித்திரைத் திருநாளுக்கு சங்கத்துல உனக்குப் பாராட்டு. டாக்டரே சால்வை போடறாரு. யூனிஃபார்மோட வரோணும்."

"நான் சர்க்கஸ் இல்ல டாட்."

"என்ற மானம் இதுல இருக்குது."

"ஓகே. ஒரே ஒரு மணி நேரம் போட்டுட்டு நிக்கறேன். நீங்க டெக்சாஸ் வரணும். டீல்?"

"டீல்" என்றார் நஞ்சப்பன். டிக்கெட்டும் போட்டுவிட்டார். நல்ல கேமரா ஒன்றும் வாங்கினார்.

ரக்ஷா வந்தாள், பாலைவனத்துக்குக் கொண்டுபோகப் புதிதாகக் கொடுத்திருந்த யூனிஃபார்ம் செட்டுகள் எல்லாவற்றோடும். மறுநாள் காலை தாயும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நஞ்சப்பன் பையைத் திறந்தார். பைக்குள் திணித்துக் கசங்கிக் கிடந்தன. கை பரபரத்தது. இதைப் போட்டுக்கொண்டா என் பெண் மேடை ஏறுவது? டாக்டர் சால்வை போர்த்தும்போது அந்தச் சால்வையே வெட்கப்படாதா?

அத்தனை செட்டையும் அள்ளிக்கொண்டு பேஸ்மெண்டுக்கு இறங்கினார். பொடி கரைத்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவையாக ஊறவைத்தார். நீலம் விட்டார், கஞ்சி போட்டார், ட்ரையரில் முக்கால் ஈரத்தில் எடுத்து, கை வைத்தால் வெட்டுகிற மாதிரி மடிப்பு எடுத்துத் தேய்த்தார். சட்டையின் உள்பக்கம் தைத்திருந்த துணிச் சீட்டை அவர் புரட்டிப் பார்க்கவில்லை. வேட்டிக்கு ஏது சீட்டு?

விழாவுக்குக் கிளம்பும்போது ரக்ஷா சட்டையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். "ஸ்டார்ச் போட்டீங்களா? இதுக்குப் போடக் கூடாது டாட்."

"ஒரு மணி நேரந்தான அம்மிணி. ஜம்முனு இருக்குது பாரு."

கஞ்சிதானே, ஒரு அலசலில் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, போட்டுக்கொண்டாள். சட்டை அட்டை மாதிரி அவளை விட்டு விலகி நின்றது.

மேடையில் பாலசுப்ரமணியம் சால்வை போர்த்தினார். நஞ்சப்பனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னது அவர் செய்த பிழை. ஒரு மாதமாக யூடியூபில் பார்த்ததையெல்லாம் மனிதர் அவிழ்த்துக் கொட்டினார்.

"பாலைவன யூனிஃபார்ம்னா சும்மா இல்லீங். மொதல்ல ஆறு கலருல, கூழாங்கல்லு சிதறின மாதிரி ஒண்ணு பண்ணுனாங்க. அமெரிக்காவுல இருக்கற கல்லுப் பாலைவனத்தப் பாத்துப் பண்ணுனது. சண்டைக்குப் போன எடத்துல பாத்தா வெறும் மணலு, கல்லயே காணம்! அப்பறம் மூணு கலரு, காப்பி கொட்டுன மாதிரி. அப்பறம் சாம்பக் கலருல கட்டம் கட்டமா ஒண்ணு. காடு, நகரம், பாலைவனம் எல்லாத்துக்கும் ஒண்ணேன்னாங்க. ஒரு எடத்துலயும் ஒத்துவரல. இப்ப இருக்கறது இதுங். ரகசியம் என்னன்னா, பாக்கறவன் கண்ணுக்கு ஒரு கோடு சிக்கக் கூடாது. ஒரு பளபளப்பு சிக்கக் கூடாது. ஆளு இருக்கறதே தெரியக் கூடாது."

கத்தி மடிப்பு விழுந்த சட்டையோடு பக்கத்தில் நின்ற ரக்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். அரங்கம் கைதட்டியது. நாலு தலைமுறைப் பாலைவன வரலாறு தெரிந்த மனிதருக்கு நாலு வரிச் சீட்டு தெரியவில்லை என்பதை அங்கே யாரும் அறியவில்லை.

கீழே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அடுத்து குழந்தைகள் நடனம். விளக்கை அணைத்துவிட்டு மேடையைச் சுற்றி ஊதா விளக்குகளைப் போட்டார்கள், குழந்தைகளின் வெள்ளைக் கையுறை மட்டும் இருட்டில் தெரியவேண்டும் என்று. கையுறை தெரிந்தது. அரங்கத்தில் இருந்த வெள்ளை வேட்டிகளும் தெரிந்தன. எல்லாவற்றையும் விட, முன்வரிசையில் ரக்ஷா தெரிந்தாள். மணலும் மண்ணும் காய்ந்த புல்லும் மங்கி, உடுப்பு முழுக்க நீலம் பூத்த வெளிச்சமாக எரிந்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை விரலை நீட்டி, "அந்த ஆண்ட்டி லைட் மாதிரி இருக்காங்க" என்றது.

நஞ்சப்பனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா அம்மிணி! இத்தன கூட்டத்துலயும் உன்னயத் தனியாத் தெரியுது!"

ரக்ஷா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டாட், ஸ்டார்ச் மட்டுந்தானே போட்டீங்க?"

"வெறும் கஞ்சிக்கு இந்தப் பளபளப்பு வருமா? நம்மூருப் பொடி. மூணு வாட்டி ஊற வெச்சன்."

"எல்லா செட்டுமா?"

"பின்ன? ஒண்ணு மட்டும் விடுவனா?"

அவள் காலர்ப் பக்கத்தை வெளியே புரட்டி, போன் வெளிச்சத்தில் அந்தச் சீட்டைக் காட்டினாள். கஞ்சி கூடாது. வெளுப்புக் கூடாது. துணியை மின்னவைக்கும் எதுவும் கூடாது. நஞ்சப்பன் படித்தார்.

"நாங்க லாரி ஓட்டறது நைட்ல டாட். லைட் போடாம" என்றாள் ரக்ஷா. குரல் உயரவில்லை. "இருட்டுல பாக்கற கண்ணாடி எதிரிங்ககிட்டயும் இருக்கு. முதல்ல நான் யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னீங்க. அப்புறம் எல்லாரும் பாக்கணும்னு ஆசைப்பட்டீங்க. இதப் போட்டா எல்லாரும் பாப்பாங்க. சுடறவனும் பாப்பான்."

அந்த இடத்தில் ஒரு தகப்பன் சொல்ல எத்தனையோ வார்த்தை இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். ஒன்றும் தோன்றாவிட்டால் பெண்ணின் கையையாவது பிடித்துக்கொள்ளலாம். நஞ்சப்பன் இடது பக்கம் திரும்பி, பாலசுப்ரமணியம் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசு அம்மிணி. டாக்டரு காதுல விழுந்துரும்" என்றார்.

ரக்ஷா எழுந்தாள். "டெக்சாஸுக்கு நீங்க வர வேண்டாம் டாட். அம்மா மட்டும் வரட்டும்."

பாத்ரூமுக்குப் போய் சுடிதாருக்கு மாறிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மறுநாள் புஷ்பவல்லி மகளோடு கிளம்பினாள். நஞ்சப்பன் வாசல்வரை வந்து, "நீயாச்சும் சொல்லு புஷ்பா. டிக்கெட் போட்டாச்சு, கேமரா வேற வாங்கியாச்சு" என்றார்.

புஷ்பவல்லி செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏர்போர்ட்டுலருந்து வந்த அன்னைக்கு அந்தப் பாத்ரூம் வாசல்லயே நான் சொல்லியிருக்கோணுமுங். சொல்லாதது என்ற தப்பு" என்றாள். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையில் அவள் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உடுப்புகளை ரக்ஷா பேஸ்மெண்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். பேஸில் வேறு வாங்கிக்கொள்வாளாம். நஞ்சப்பன் தனியாக உட்கார்ந்து அவற்றை அலசினார், மறுபடி அலசினார், ஊதா டார்ச் ஒன்றை வரவழைத்து அடித்துப் பார்த்தார். போகவில்லை. தன் கைவேலை இவ்வளவு உறுதியானது என்பதில் அப்போதும் அவருக்குள் ஒரு மூலையில் பெருமை எட்டிப் பார்த்தது என்றால் நம்பவேண்டும்.

செண்டாஃப் அன்று புஷ்பவல்லி ஒரு படம் அனுப்பினாள். பெரிய விளையாட்டு அரங்கம். வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கானவர்கள், எல்லார் மேலும் அதே மணல், அதே பழுப்பு, அதே காய்ந்த பச்சை. எல்லார் தலையிலும் அதே தொப்பி. நஞ்சப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். படத்தைப் பெரிதாக்கித் தேடினார். இருபத்திரண்டு வருஷம் வளர்த்த பெண் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு நிமிஷம்தான். சங்கத்து வாட்ஸாப் குழுவில் காலையிலிருந்தே எல்லாரும் படம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் மாநிறமாக, ஏறக்குறைய அவள் உயரத்தில் தெரிந்த ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "என் மகள் ரக்ஷா, தேசப் பணிக்குப் புறப்படுகிறாள்" என்று எழுதி அனுப்பினார்.

கைகூப்பல்களும் கொடிகளும் வந்து குவிந்தன. "என்ன கம்பீரம்! அப்படியே உங்க ஜாடை!" என்று பாலசுப்ரமணியம் எழுதினார். நஞ்சப்பன் அதை இரண்டு தடவை படித்தார்.

அதற்குக் கீழே, அந்தக் குழுவில் அதுவரை ஒரு வரிகூட எழுதியிராத புஷ்பவல்லியிடமிருந்து ஒரு வரி வந்தது.

"அது நம்ம பொண்ணு இல்லீங்."